மறைநூல்களில் வினா: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

வினாவை இலக்கணநூலார் ஒரு வாக்கிய வகையாகக் கொள்வர். தருக்கநூலார் அறிவின் தொடக்கமாகக் கொள்வர். சமயநூலார் ஞானத்தின் வாயிலாகப் போற்றுவர். சமுதாய வரலாற்றை ஆராய்வோனுக்கோ இவற்றுக்கு அப்பாலும் சில செய்திகள் முக்கியமானவை. யார் யாரை வினவுகின்றார், விடை கூற மாட்டாதவனுக்கு யாது நேர்கின்றது, விடை பெறாத வினா எங்கே சென்று தங்குகின்றது என்பனவே அவன் கருத்துக்குரியன. மறைநூல்களிற் காணப்படும் வினாவகைகளையும் அவற்றின் பயன்களையும் இந்நோக்கில் ஆராய்ந்து, பதுளையை மையமாகக் கொண்ட ஊவா மாகாணத் தோட்டத் தொழிலாளரிடையே அவ்வினாவகைகள் எவ்வாறு தொழிற்பட்டன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் வினாவை வகைப்படுத்தும் மரபு பழமையானது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுவியலில் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறு வகைகளைக் கூறுகின்றார். ஆசிரியர் தாம் அறிந்த பொருளை மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயவினா. வணிகரிடம் பயறு உண்டா என்று கேட்பது, அதனைப் பெறும்பொருட்டுக் கேட்பது ஆகலின், கொளல்வினா. ஒருவனுக்கு ஆடை இல்லையா என்று கேட்பது, கொடுக்கும்பொருட்டுக் கேட்பின், கொடைவினா. உண்டாயோ என்று கேட்டு உண்ணச் செய்வது ஏவல்வினா.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு, அது வினாவின் சொல்வடிவத்தைக் கொண்டு அமையாமல் வினவுவோனின் நோக்கத்தைக் கொண்டு அமைந்திருப்பதாகும். ஆயின் வினவுவோனுக்கும் வினவப்படுவோனுக்கும் இடையிலுள்ள அதிகார உறவு இதில் நேரே பேசப்படவில்லை. ஏவல்வினாவில் மட்டும் அதன் நிழல் விழுகின்றது. மறைநூல் வினாக்களை ஆராயும்போது இக்குறையை நிரப்பிக்கொள்வது அவசியமாகும். ஆதலின், நன்னூலார் வகைகளைக் கைவிடாது, பயன் நோக்கி நான்கு தலைப்புகளில் அவ்வினாக்களை இங்கு தொகுத்துக்கொள்கின்றோம். அறியும் வேட்கையாற் பிறப்பது தேடல் வினா. வகுத்து வைத்த விடையைச் சொல்விப்பது ஒப்புவித்தல் வினா. கேட்பவன் வாயை அடைப்பது அடக்கும் வினா. நீதி வேண்டி எழுப்பப்படுவது முறையீட்டு வினா.

2

தேடல் வினாவுக்கு உபநிடதங்கள் சிறந்த சான்றாகும். கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் யமனிடமே சென்று, இறந்த பின்னர் மனிதன் உளனா இலனா என்று கேட்கின்றான். யமன் செல்வமும் நீண்ட ஆயுளும் தருவதாகக் கூறி அவனைத் திசைதிருப்ப முயல்கின்றான். சிறுவன் வினாவை விடவில்லை. எனினும், அதே மரபிலே அடக்குதலும் உண்டு. பிருகதாரணியகத்தில் கார்க்கி என்னும் பெண், இவ்வுலகம் எதில் நெய்யப்பட்டுள்ளது, அது எதில் நெய்யப்பட்டுள்ளது என்று படிப்படியாக வினவிச் செல்கின்றாள். ஒரு கட்டத்தில் யாக்ஞவல்க்கியர், மேலும் கேட்டால் தலை விழுந்துவிடும் என்று எச்சரிக்கின்றார். பின்னர் அவள் மீண்டும் எழுந்து வினவுகின்றாள் என்பது உண்மையே. ஆயினும் ஞானசபையிலும் வினாவுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பௌத்த மரபு விடையையே நான்காக வகுத்தது. மணிமேகலையின் முப்பதாம் காதை துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என அவற்றைத் தமிழிற் பெயரிட்டுக் கூறுகின்றது. தோன்றியது கெடுமா என்றால் கெடும் எனத் துணிந்து கூறலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால் அவன் பற்றுடையவனா பற்றற்றவனா எனக் கூறிட்டே மொழிய வேண்டும். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்றால் எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகாயப்பூ புதியதா பழையதா என்றால் வாய் திறவாதிருப்பதே விடையாகும். எல்லா வினாவும் விடைக்கு உரியதன்று என்னும் இக்கருத்து, தமிழ்ச் சமயநூல் மரபில் கிடைக்கும் மிகக் கூர்மையான அறிவியற் சிந்தனைகளுள் ஒன்றாகும்.

விவிலியத்தின் வினாக்களை விளங்கிக்கொள்ளவும் இப்பாகுபாடு பயன்படுகின்றது. உரோமப் பேரரசனுக்கு வரி செலுத்துவது முறையா என்று இயேசுவிடம் கேட்டவர்கள் அறியும் பொருட்டுக் கேட்கவில்லை. ஆம் என்றால் மக்கள் வெறுப்பர். இல்லை என்றால் ஆட்சியாளர் தண்டிப்பர். அவர் நாணயத்தைக் கொணரச் செய்து, இதிலுள்ள உருவம் யாருடையது என்று எதிர்வினா எழுப்புகின்றார். இது மணிமேகலை கூறும் வினாவின் விடுத்தலேயாகும். அடிமைப்பட்ட நாட்டில் எதிர்வினா ஒரு தற்காப்புக் கருவியாயிருந்தமையை இங்கு காண்கின்றோம். யோபுவின் நூலிலோ முறையீட்டு வினாவும் அடக்கும் வினாவும் நேருக்கு நேர் மோதுகின்றன. குற்றமற்ற தனக்கு இத்துன்பம் ஏன் வந்தது என்று யோபு கேட்கின்றான். சூறைக்காற்றினின்றும் எழும் கடவுளின் மறுமொழி விடையாக அமையாமல், உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்பது போன்ற வினாக்களின் தொடராக அமைகின்றது. யோபு கையால் வாயைப் பொத்திக்கொள்கின்றான். அவன் கேட்ட ஏன் என்பதற்கு அந்நூலில் நேரான விடை இல்லை.

சைவ மரபுக்கு வருவோம். சம்பந்தர் தேவாரத்தில் இறைவனையே முன்னிலைப்படுத்தி வினவும் பதிகங்கள் வினாவுரை எனத் தனிப்பெயர் பெற்றுள்ளன. மெய்கண்ட சாத்திரங்களுள் மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் மாணாக்கன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் அமைப்புடையது. அருணந்தி சிவாசாரியாரின் இருபா இருபஃது தம் ஆசிரியரை நோக்கிய வினாக்களால் ஆனது. உமாபதி சிவாசாரியாரின் வினாவெண்பா பதின்மூன்று வெண்பாக்களில் மறைஞானசம்பந்தரிடம் ஐயங்களை வைக்கின்றது. முதியவரும் பேரறிஞருமான அருணந்தியார், சிறுவரான மெய்கண்டாரிடம் ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று கேட்டார் என்றும், மெய்கண்டார் அவரை மேலுங்கீழும் நோக்கினார் என்றும் மரபு கூறும். கேட்டு நின்ற நிலையே விடையாயிற்று. இந்நூல்கள் அனைத்திலும் அறியாதவன் வினவுகின்றான், அறிந்தவர் விடை கூறுகின்றார். இவை பெரும்பாலும் நன்னூலார் கூறும் அறியாவினா, ஐயவினா என்னும் வகைகளுள் அடங்கும். பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்த மாற்றத்தின் தன்மையை உணர்வதற்கு இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3

அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டார். பின்னது மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துக்கேய மொழியில் எழுதிய ஞானோபதேச நூலைத் தழுவி, ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் வடிவில் அமைந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரை நோக்கி எழுந்தது இது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலியோர் மார்ட்டின் லூதர் 1529இல் இயற்றிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் வழங்கினர்.

இவ்வடிவத்திலே வினாவின் திசை மாறுகின்றது. அறிந்தவர் வினவுகின்றார், அறியாதவன், முன்னரே அச்சிடப்பட்ட விடையை ஒப்புவிக்கின்றான். வினா ஐயத்தினின்றும் பிறப்பதில்லை. விடையே முதலில் உளது, வினா அதனை வெளிக்கொணர்வதற்கு அமைக்கப்பட்ட கருவியாகும். புறவடிவில் இதுவும் நன்னூலாரின் அறிவினாவே. ஆயின் திண்ணைப் பள்ளியின் ஆசிரியர் தம் மாணாக்கனை அறிந்து கேட்டது வேறு. முகமறியாத ஆயிரம் பேருக்கு ஒரே வினாவும் ஒரே விடையும் அச்சில் வழங்குவது வேறு. ஓரிடத்தில் இயற்றப்பட்ட விடை ஆயிரம் கல் தொலைவில் எழுத்து மாறாமல் ஒப்புவிக்கப்படல் அச்சியந்திரத்தாற்றான் கைகூடியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஒன்றையொன்று எதிர்த்த சமயங்கள் யாவும் இவ்வொரே வடிவத்தைக் கைக்கொண்டன. ஆறுமுக நாவலர் (1822–1879) பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டவர்; மிசனரிமாரின் கருவிகளை உள்ளிருந்து அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், பாலபாடங்களுடன் சைவ வினாவிடைகளையும் எழுதினார். உலகுக்குக் கருத்தா யாவர் என்பதில் தொடங்கி, திருநீறு, நித்திய கருமம், ஆலய தரிசனம் வரை அனைத்தும் வினாவும் விடையுமாக வகுக்கப்பட்டன. கேணல் ஒல்கொற் 1881இல் பௌத்த வினாவிடையை வெளியிட்டார். மணிமேகலை வாய்வாளாமையை ஒரு விடையாக ஏற்ற சமயத்துக்கு, வாய்வாளாமைக்கு இடமில்லாத வடிவமொன்று வந்து சேர்ந்தது.

இதனை வெறும் பின்பற்றல் எனத் தள்ளிவிடுதல் வரலாற்று நோக்காகாது. குடியேற்ற ஆட்சியின் அழுத்தத்தின் கீழ், தன் சமயத்துக்கு மறுமொழி சொல்லத் தெரியாத சிறுவனுக்கு மறுமொழியைக் கற்பித்தமை ஒருவகைத் தற்காப்பாகும். எழுத்தறிவு பரவவும் தமிழ் உரைநடை தெளிவு பெறவும் வினாவிடை நூல்கள் உதவின. நாவலரின் தேசியப் பங்களிப்பை மறுப்பார் இலர். ஆயினும் அவ்விடைகளை வகுத்தவர்கள் யாழ்ப்பாணத்து நிலவுடைமைச் சமுதாயத்தின் உயர்நிலையினர் என்பதும், சாதியாசாரம் அவற்றின் பிரிக்கவியலாத கூறாயிருந்தது என்பதும் அவ்வாறே மறுக்கப்படாதவை. இவ்வினாவிடை மரபு மலையகத் தோட்டங்களை அடைந்தபோது யாது நிகழ்ந்தது என்பதை இனி நோக்குவோம்.

4

1817–18ஆம் ஆண்டுகளின் ஊவா வெல்லச எழுச்சி பிரித்தானியராற் கொடுமையாக அடக்கப்பட்டது. அவ்வழிவின் மீதே கோப்பித் தோட்டங்களும், 1869இல் வெளிப்பட்ட இலைநோயாற் கோப்பி வீழ்ந்த பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பரவின. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. நமுனுக்குல, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய மலைப்பகுதிகளிற் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளருட் பெரும்பான்மையினர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினர்; நிலமற்றோர்.

1854இல் கண்டிப் பகுதித் தோட்டத்துரைமாரின் பொருளுதவியுடன் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று போதித்தனர். துரைமார் அதற்குப் பணம் உதவியமை சிந்திக்கற்பாலது. கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் போதனை தோட்டத்துக்கு இலாபமானது என்னும் கணக்கு அதில் இருந்தது எனலாம். ஆயினும் அதே உபதேசியாரின் வழியாகவே முதன்முதலில் எழுத்தறிந்த தொழிலாளர் பிள்ளைகளும் உளர். தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்டவிதிகள் 1907ஆம் ஆண்டளவிற்றான் தோன்றின. 1920இன் கட்டளைச்சட்டம் அவற்றை விரிவாக்கியது. லயத்தை அடுத்த ஒற்றையறைப் பள்ளியில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளுக்குக் கற்பித்த சூழலில், மனனமும் ஒப்புவித்தலும் கல்வி முறையாக நிலைத்தமை வியப்பன்று.

அப்பிள்ளை பள்ளியில் மட்டும் ஒப்புவித்தல் வினாவைச் சந்திக்கவில்லை. அவன் பெற்றோர் நாள்தோறும் விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றனர். அங்கே கேட்கப்பட்ட வினாக்கள் நன்னூலார் கூறும் ஏவல்வினாக்கள். நேற்று ஏன் வரவில்லை என்று துரையோ கணக்கப்பிள்ளையோ கேட்டது காரணம் அறிவதற்காகவன்று. நிறுவையிற் கொழுந்து ஏன் குறைந்தது என்று கேட்டதும் அவ்வாறே. அவ்வினாவின் மறுபக்கம் அரைப்பேர். உண்டாயோ என்னும் ஏவல் உண்ணச் செய்தற்கு. பிரட்டுக்களத்தின் ஏவல் உழைப்பைப் பறித்தற்கு. வினாவடிவம் ஒன்றே, உற்பத்தி உறவே அதன் பொருளை வேறாக்கியது.

விடை முன்னரே தீர்மானிக்கப்பட்ட வினாவைப் பள்ளியிலும் கோயிலிலும் பிரட்டுக்களத்திலும் எதிர்கொண்ட சமுதாயம் இது. ஆயின் அங்கே வேறு வினாமுறைகளும் வாழ்ந்தன. தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி ஆகிய தெய்வங்களுடன், கவ்வாத்துச் சாமி, ரோதைமுனி எனத் தொழிலோடு பிறந்த தெய்வங்களும் உள. கவ்வாத்துக் கத்தியும் தொழிற்சாலைச் சில்லும் உயிரைப் பறிக்கக்கூடிய இடங்களிற் காவல் வேண்டி எழுந்த தெய்வங்கள் இவை. இத்தெய்வங்களுக்கு வினாவிடை நூல் இல்லை. இங்கு உள்ளது குறி கேட்டல், பூக் கேட்டல். பிள்ளையின் காய்ச்சல் எப்போது தணியும், ஊருக்குப் போனவன் திரும்புவானா என்று தொழிலாளியே வினவுகின்றான். தெய்வம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. பெரும்பாலும் தன்னைப் போன்ற தொழிலாளி ஒருவன் மீதே அது வந்து பேசுகின்றது. இதனை மூடநம்பிக்கை என்று மட்டும் கூறி அமைவது போதாது. நாள் முழுவதும் வினவப்பட்டவன், இங்கே வினவுவோனாகின்றான்.

5

மலையகத்தின் பெருங்கூத்துகளாகக் கருதப்படுவன காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்றாகும். இவற்றுள் முன்னிரண்டும் மறைநூற் கதைகளை அடியொற்றியன. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் மலைநாட்டு மக்களின் பாடல்களையும் கூத்துகளையும் பதிவுசெய்யத் தொடங்கியதிலிருந்து அவற்றின் சமுதாய உள்ளடக்கம் கவனம் பெற்று வந்துள்ளது. வினாவின் நோக்கில் அவற்றைப் பார்ப்பது இங்கு பொருத்தமாகும்.

அருச்சுனன் தபசு, சூதில் அனைத்தையும் இழந்து காடேகிய பாண்டவர் வரலாற்றின் பகுதி. தபசு மரத்தில் ஏறும் அருச்சுனனைப் பார்த்திருக்கும் மக்களுக்கு அச்சூதின் கதை தெரிந்ததே. அதன் நடுவில் பாரதத்தின் மிகப் பெரிய வினா நிற்கின்றது. சபைக்கு அழைக்க வந்த ஏவலனிடம் திரௌபதி, தருமன் முதலில் தன்னை இழந்தானா என்னை இழந்தானா என்று கேட்டுவரச் சொல்கின்றாள். தன்னையே இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்பது அதன் பொருள். வீட்டுமர் தருமம் நுண்ணியது என்று கூறி நழுவுகின்றார். விகர்ணன் ஒருவனே எழுந்து அவள் பக்கம் பேசுகின்றான். கன்னன் அவனை இகழ்ந்து அடக்குகின்றான். சபைக்கு வந்த வினாவுக்கு விடை கூறாதிருப்பதும் பாவம் என்று விதுரர் எச்சரிக்கின்றார். இறுதிவரை சபை விடையிறுக்கவில்லை. திருதராட்டிரன் வரம் அளித்ததனால் அவர்கள் விடுபடுகின்றனர்; வினா தீர்க்கப்படவில்லை.

முறையீட்டு வினாவின் இயல்பு முழுவதும் இங்கு உள்ளது. அது தேடல் வினா அன்று. திரௌபதிக்கு விடை தெரியும். ஒப்புவித்தல் வினாவும் அன்று. சபை சொல்ல விரும்பாத விடையை அது வேண்டுகின்றது. சட்டத்தின் மொழியிலேயே பேசி, அச்சட்டத்தின் முரண்பாட்டை அது வெளிப்படுத்துகின்றது. தோட்டங்களில் 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையை இதனுடன் வைத்து நோக்குக. தொழிலாளியின் கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. அக்கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவன் மாற்றப்பட்டான். கங்காணியின் கணக்கில் அவன் உழைப்பும் குடும்பமும் ஒருங்கே கைமாறின. தன்னைத் தான் உடையவன் யார் என்னும் வினா இத்தகைய வாழ்வினருக்கு வெறும் புராணச் செய்தியாக இருந்திருக்க இயலாது. இவ்வொப்புமையைத் தொழிலாளர் இதே சொற்களாற் கூறினர் என்பது நமது வாதமன்று. ஒரு கதை ஒரு மக்களிடையே தலைமுறைகளாக வாழ்வதற்கு அவர்கள் வாழ்நிலையில் அதற்கு வேர் இருத்தல் வேண்டும் என்பதே நமது வாதம்.

காமன் கூத்து மாசி மாதத்திற் பல நாள் நிகழும் சடங்குக் கூத்தாகும். காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றப்பட்டு, தப்பின் முழக்கத்துடன் ரதியும் மதனும் ஆடிவருவர். சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மதனை ரதி தடுத்து வாதிடுகின்றாள். அவன் ஏவலை மீறவியலாது சென்று எரிகின்றான். தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் லாவணிக் கலைஞர், காமன் எரிந்தான் என்பாரும் எரியவில்லை என்பாருமாக இரு கட்சியாகப் பிரிந்து வினாவும் விடையும் தொடுப்பர். விடை முடிந்துபோகாத வினாவை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மரபு இது. மேலோர் அலுவலுக்காக அனுப்பப்பட்டு அழிந்தவனின் மனைவி, அவனை அழித்த கடவுளிடமே நின்று நியாயம் கேட்பது கூத்தின் உச்சமாகும். யோபுவின் முறையீட்டுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. ரதிக்கோ கணவன் மீட்டளிக்கப்படுகின்றான். எனினும் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் தோன்றுவான். அரைகுறையான இந்நீதி, தொழிலாளர் தம் வாழ்விற் கண்ட நீதியின் அளவையே ஒத்துள்ளது.

சமயத் துயரம் உண்மையான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதே வேளை அதற்கெதிரான குரலாகவும் அமைகின்றது என்று மார்க்சு 1844இல் எழுதினார். இக்கருத்தின் முற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்ட முற்போக்காளர் பலர், கூத்தை மக்களை மயக்கும் பழமை எனத் தள்ளினர். முறையீட்டு வினா கூத்திலே காக்கப்பட்டமையை அவர்கள் காணத் தவறினர்.

6

முறையீட்டு வினா கூத்துக்களத்திலிருந்து வெளியே வருவதற்கு அமைப்பு வேண்டியிருந்தது. கோ. நடேசய்யர் தோட்டங்களிற் பரப்பிய எழுத்துகளுள் ஒன்றுக்கு நீ மயங்குவதேன்? என்று பெயரிட்டார். வினாவே தலைப்பாக, தொழிலாளியையே முன்னிலைப்படுத்தி எழுந்த அந்நூல், ஒப்புவிக்க வேண்டாத வினா ஒன்றை அவன் முன் வைத்தது.

1940இல் ஊவாவில் வேலைநிறுத்த அலை எழுந்தது. லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் அதில் முன்னணியில் நின்றது. அவ்வாண்டு மே மாதத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படுவதற்குத் துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர், பொலிசாரின் அடக்குமுறையும், ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அவ்வெழுச்சியை வீழ்த்தின. அது குறுகிய காலமே நீடித்ததாயினும், வினாவின் திசை அப்போது மாறியமை வரலாறாகும். பிரட்டுக்களத்தில் விடை கூறி நின்றவர்கள் துரையிடம் விளக்கம் கேட்டனர். அவர் விடை கூற வேண்டியவரானார்.

அரசும் தன் வினாக்களுடன் வந்தது. 1947 தேர்தலில் பதுளை உட்பட 7 தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரசின் வேட்பாளர் வென்றனர். மறு ஆண்டிலேயே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே குடியுரிமை பெற்றனர். எப்போது வந்தாய், எங்கே பிறந்தாய், சான்று எங்கே என்னும் வினாக்கள் அறியும் வினாவின் வடிவில் வந்த அடக்கும் வினாக்கள். உலகுக்கு அடித்தளம் இட்டபோது எங்கே இருந்தாய் என்று யோபுவிடம் கேட்கப்பட்டது. காட்டை வெட்டித் தோட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களிடமே அரசு நீ எங்கே இருந்தாய் என்று கேட்டது. 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடக்கச் செய்தன. எஞ்சிய நாடற்றோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இற்றான் வந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. இத்தகைய வேளையில் எங்களுக்கு ஏன் இது நேர்ந்தது என்று எழும் வினா யோபுவின் வினாவே. அதனைக் கடவுளிடம் கேட்போரை எள்ளுதல் நாகரிகமன்று. ஆயின் அவ்வினாவை அங்கேயே விட்டுவிடுதலும் நேர்மையன்று. அந்நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கைகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தன. நூற்றாண்டுக்கு மேல் உழைத்தும் ஒதுங்கி வாழத் தமக்கெனக் காணி இல்லாதவர்கள் அந்த லயங்களிலேயே இருந்தனர். அந்த ஏன் என்பதற்கு விடை நிலவுடைமையில் உள்ளது. அதனை அரசிடமும் தோட்ட நிருவாகத்திடமும் கேட்டல் வேண்டும்.

7

மறைநூல்கள் ஒரே குரலிற் பேசுவன அல்ல. ஒரே நூலில் நசிகேதனின் விடாப்பிடியான வினாவைப் போன்றதும், கார்க்கிக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையைப் போன்றதும் அருகருகே காணப்படலாம். எந்த வினா ஓங்கி ஒலிக்கும் என்பதை அந்நூல் பயிலப்படும் சமுதாயத்தின் அமைப்பே முடிவு செய்கின்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்து நிறுவனங்கள் ஒப்புவித்தல் வினாவை வளர்த்தன; உழைக்கும் மக்கள் முறையீட்டு வினாவைக் கூத்திலும் குறி கேட்டலிலும் காத்தனர். சமயக் கருத்துநிலை பற்றிய ஆய்வு இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இவ்விடத்திற் சுயவிமரிசனமும் தேவைப்படுகின்றது. எங்கெல்சு 1847இற் பொதுவுடைமைக் கோட்பாடுகளை 25 வினாக்களும் விடைகளுமாக எழுதினார். அவ்வாண்டு இறுதியில், வரலாற்றை எடுத்துரைக்க வேண்டியிருத்தலின் வினாவிடை வடிவம் பொருந்தாது என்று கருதி, அதனைக் கைவிடலாம் என மார்க்சுக்கு எழுதினார். அறிக்கை பிறந்தது. அவ்வறிவுரையை நாம் எப்போதும் பின்பற்றினோம் என்று கூறவியலாது. நமது அரசியல் வகுப்புகளிலும் விடை முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளி அங்கும் ஒப்புவிப்போனாகவே அமர்த்தப்பட்டான். அவனுடைய வினா யாது என்று கேட்டறியும் பொறுமை நமக்குப் போதிய அளவு இருக்கவில்லை.

ஆகவே மலையக ஆய்வில் இனிச் செய்யவேண்டியது, கூத்துகளிலும் குறி கேட்கும் சடங்குகளிலும் எழுப்பப்படும் வினாக்களைத் தோட்டம் தோட்டமாகத் தொகுத்து, அவற்றை விடைகளுக்கு முன்பாகப் பதிப்பிப்பதாகும். வினவத் தெரிந்த முதியோர் மறைந்து வருகின்றனர். விதுரர் சபைக்குக் கூறிய எச்சரிக்கை பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்: நம் முன் வைக்கப்பட்ட வினாவுக்கு விடை கூறாதிருத்தல் நடுநிலைமை ஆகாது.